அந்த நீள ஸ்டட்டுகளைக் கழற்ற விடமாட்டேன்

தாமு கண்ணு,

நீயும் திவ்யாவும் பெட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆஸ்திரேலியாவுக்கு என்னென்ன எடுத்துப் போகலாம், என்னென்ன கூடாது என்று வீடு முழுக்கப் பரப்பி வைத்திருப்பீர்கள். இந்த நேரத்தில் அம்மா எதற்கு இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதம் அப்படி வைத்துவிடாது, அதனால் எழுதுகிறேன். முதலில் உன் கேள்விக்குப் பதில். காரை விற்க மாட்டேன். பெங்களூர் பிளாட்டைப் பூட்டிப் போடாமல் நானும் உன் நைனாவும் அங்கே போய் இருக்க வேண்டும் என்கிறாயே, அதற்கும் வர மாட்டேன். நீ போய் நன்றாக இரு. உன்னைப் போக வேண்டாம் என்று நான் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அதேபோல என்னை வா என்று நீயும் சொல்லாதே.

காரை வாங்க நீ அனுப்பிய பெங்களூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்கு வந்தார். மரியாதையான மனுஷன்தான். பழைய கார் என்றால் உயிர் என்றார். நம் அம்பாசடரைச் சுற்றிச் சுற்றி வந்து, ஸ்டீயரிங்கைத் தடவி, கதவைத் திறந்து மூடிச் சத்தம் கேட்டு, குழந்தையைக் கொஞ்சுவது போலக் கொஞ்சினார். பிறகு முன்பக்கச் சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இது வண்டியோட வந்தது இல்லையே மேடம். டிஸ்க் பிரேக் போட்டிருக்கீங்க. சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவுல ஸ்பேசர் வச்சு, ஸ்டட்டையும் நீளமா மாத்தியிருக்கீங்க. இதையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு வண்டியைப் பொறந்த மாதிரி ஆக்கிடறேன்" என்றார். பிறந்த மாதிரி ஆக்கி எந்த ரோட்டில் ஓட்டுவீர்கள் என்று கேட்டேன். ஓட்ட மாட்டார்களாம். லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோவார்களாம். "ஓடாத வண்டிக்கு எந்த பிரேக்கா இருந்தா இன்னாங்க? என் பிரேக்கு உங்கள இன்னா பண்ணுது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அன்று சாயங்காலம் நீ போனில் சொன்ன பேச்சின் மேல்தான். "அந்த ஸ்பேசராலதானேம்மா ஆக்சிடென்ட் ஆச்சு? அப்பவே நைனா விக்கச் சொன்னாரு. நீ கேட்டியா? வீம்புக்கு வச்சுக்கினு இருந்த" என்றாய். இருபத்தொன்பது வயசுப் பிள்ளை, கல்யாணம் ஆனவன், இன்னும் அந்தப் பொய்யையே பேசிக்கொண்டிருக்கிறாய். உனக்குக் கதை சொன்னவர்கள் அப்படிச் சொல்லிவிட்டார்கள். என்னிடம் நீ கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் இப்போது சொல்கிறேன்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது உனக்கு அரைகுறையாகத் தெரியும். உன் நைனா சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனி முதலாளிக்கு டிரைவர். நாடு முழுக்கப் புதுப்புது கார்கள் இறங்கிய சமயம், முதலாளியும் ஒன்று வாங்கினார். பழையதை நிறுத்த இடமில்லாமல் உன் நைனாவுக்கே கொடுத்துவிட்டார். நம் ஊர் குடிபாலாவில் சொந்தமாக ஒரு மாடு கட்ட இடமில்லாத குடும்பம் நம்முடையது. அந்த வாசலில் கார் வந்து நின்றபோது ஊரே வந்து பார்த்தது. பிறகு நாம் சித்தூருக்குக் குடிவந்தோம். நைனா அதை டாக்சியாக ஓட்டினார். ஒரு வருஷம்கூட ஓட்டியிருக்க மாட்டார், குவைத்துக்கு டிரைவர் வேலை வந்தது. அந்தக் காலத்தில் நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போகும்போது காரை விற்றுவிடச் சொன்னார். நான் தலையாட்டினேன், விற்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸ் ஆபீசில் என்னைப் பார்த்தவர்கள், வேறு யாருக்கோ நான் விண்ணப்பப் பாரம் எழுத வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். டாக்சி ஓட்டுகிற பேட்ஜும் வாங்கிக்கொண்டு சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த டாக்சி ஸ்டாண்டில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நீ அப்போது ஸ்கூலுக்குப் போகிற பிள்ளை. உன்னை விட்டுவிட்டு நேராக ஸ்டாண்டுக்குப் போவேன். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், திருச்சானூர் கோயிலுக்குப் போகிறவர்கள், திருமலைக்குப் போகிறவர்கள். பெண்களும் வயசானவர்களும் என் வண்டியைத்தான் தேடி வருவார்கள். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

திருமலையிலிருந்து இறங்கும்போதுதான் தொல்லை. பழைய டிரம் பிரேக். வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கருகல் வாசனை வரும். ஒருமுறை பாதி மலையில் வண்டியை ஓரம் கட்டி, பிரேக் ஆறுகிற வரைக்கும் பயணிகளோடு நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் மெக்கானிக் மஸ்தான் பாயிடம் போனேன். புது மாடல் அம்பாசடரில் முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, அதை இதில் மாட்டலாம் என்றார். வேலூரில் பழைய பாகங்கள் விற்கும் கடையில், சக்கரம் மாட்டுகிற ஹப்போடு சேர்த்து ஒரு செட் கிடைத்தது. மாட்டினார். சக்கரத்தைப் போட்டுப் பார்த்தால் சக்கரத்தின் உள்பக்கம் பிரேக்கின் மேல் உரசுகிறது. விரல் கனத்துக்குச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். அதற்குத்தான் ஸ்பேசர், ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கிற இரும்பு வட்டு. லேத்தில் கடைந்து எடுத்தோம். ஆனால் வட்டு வைத்ததும் சக்கரம் வெளியே வந்துவிட்டதா, ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்டட், அதுதான் சக்கர போல்ட், எட்டவில்லை. நட்டைப் போட்டால் நுனி மரையை மட்டும்தான் பிடிக்கிறது. "அம்மா, இத வச்சு ரோட்டுக்குப் போகக் கூடாது. நீட்டு ஸ்டட்டு வரணும். சொல்லி வச்சிருக்கேன். வந்ததும் மாத்திக்கலாம்" என்று மஸ்தான் பாய் தெளிவாகச் சொன்னார். வண்டியை ஆள் வைத்து மெதுவாகத் தள்ளி வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "இனிமே தள்ளிக்கூட நகர்த்தாதீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் உன் நைனா லீவில் வந்தார். நினைவிருக்கும், உனக்குப் பேட்டரியில் ஓடுகிற ஹெலிகாப்டர் கொண்டுவந்தாரே, அந்த முறை. குடிபாலாவிலிருந்து சரோஜா குடும்பம் என் வண்டியைத் திருச்சானூருக்குப் பேசி வைத்திருந்தது. அவள் கைக்குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தப் போகிறார்கள். வண்டி தயாராக இல்லை, வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் ஆள் அனுப்பியிருந்தேன். உன் நைனா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "குவைத்துல எத்தினி வண்டில ஸ்பேசர் பாத்துக்கினு கீறேன். நட்டு புடிக்குதா, போதும். ஊர்க்காரங்க மொத மொத கூப்புடறாங்க, இல்லன்னு சொல்லுவியா? நான் ஓட்டறேன்" என்றார். ஸ்பானரை எடுத்து அவரே ஒருமுறை எல்லா நட்டையும் முறுக்கினார். காலையில் கிளம்பிப் போனார்.

பூதலப்பட்டு தாண்டும்போதே முன்பக்கம் லொடலொடவென்று சத்தம் வந்ததாகச் சரோஜா பிறகு சொன்னாள். "ரோடு சரியில்ல" என்றாராம் நைனா. சந்திரகிரிக்கு முன்னால், ஒரு மாந்தோப்பு ஓரமாக, இடதுபக்கச் சக்கரம் தனியாகக் கழன்று வண்டிக்கு முன்னால் உருண்டு போயிருக்கிறது. வண்டி மூக்கு குத்தித் தரையில் இழுத்துக்கொண்டே போய் மைல் கல்லில் இடித்து நின்றது. எதிரே லாரி எதுவும் வரவில்லை. சாமி புண்ணியம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். குழந்தை சரோஜா மடியிலிருந்து எகிறி முன்சீட்டில் மோதி, நெற்றி கிழிந்துவிட்டது. அவளுடைய மாமியாருக்குக் கை எலும்பு பிசகியது. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு எனக்குப் போன் வந்தது. பஸ் பிடித்துப் போனேன். நான் போவதற்குள் அடிபட்டவர்களைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். உன் நைனா மைல் கல் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஹப்பைப் பார்த்தேன். இரண்டு ஸ்டட் முறிந்திருந்தது. மற்றதில் நுனி மரை மட்டும் வழித்துக்கொண்டு போயிருந்தது, அடி மரை புதுசு மாதிரி அப்படியே இருந்தது. நட்டு எவ்வளவு தூரம்தான் பிடித்திருந்தது என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்பேசர் உடையவில்லை, விரிசல்கூட விடவில்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள் தாமு. விபத்துக்குக் காரணம் ஸ்பேசர் இல்லை. நீள ஸ்டட் வருகிற வரைக்கும் பொறுக்காததுதான்.

வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்துக்கொண்டு சித்தூருக்கு வந்தோம். ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே மூத்தவர் நாகராஜண்ணா. "ஏமய்யா, ஏமயிந்தி?" என்று உன் நைனாவைக் கேட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு உன் நைனா என் முகத்தைப் பார்க்காமல், "அவதான் நட்டு போட்டா" என்றார். அவ்வளவுதான், நாகராஜண்ணாவுக்கு அது போதுமாக இருந்தது. "ஆடவாள்ள பண்டி அந்தேலே" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். பொம்பளை வண்டி என்றால் அப்படித்தானாம். இரண்டு பேர் சிரித்தார்கள். அதுவரைக்கும் வெளியாட்கள் முன்னால் உன் நைனாவை நான் "நீ" என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். "நட்டு முறுக்கினது நீ. ஓட்டினதும் நீ. சத்தம் வந்தும் நிறுத்தாதது நீ. அந்தக் கொழந்த ரத்தத்த என் தலையில துடைக்காத" என்றேன். ஸ்டாண்டே கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது, புருஷனை நாலு பேர் முன்னால் தலை குனிய வைத்துவிட்டாள் என்று உன் அத்தைகள் இன்றைக்கும் சொல்வார்கள். நான் ஒருநாளும் வருத்தப்படவில்லை. இப்போதும் அதே இடத்தில் நிறுத்தினால் அதையேதான் பேசுவேன்.

லீவு முடியும் முன்பே அவர் குவைத்துக்குத் திரும்பிவிட்டார். போகும்போது மறுபடியும் அதே பேச்சு, வண்டியை வித்துடு. அதன் பிறகு ரொம்ப நாள் போன் உனக்குத்தான் வரும், எனக்கு வராது. நீ அந்தப் போனில்தான் கதை கேட்டு வளர்ந்தாய். நான் மஸ்தான் பாய் பட்டறையில் இருந்தேன். நீள ஸ்டட் வந்தது. போட்டுப் பார்த்தால் அடியில் இருக்கிற பல் நம் ஹப்பின் துளையில் இறுக்கமாக உட்காரவில்லை, சுழன்றது. அது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். மறுபடியும் தேடினோம். சரியானது கிடைத்ததும் பழைய ஸ்டட்டைத் தட்டி எடுத்துவிட்டு, லாரிப் பட்டறை பிரஸ்ஸில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றினார்கள். ஸ்பேசரையும் புதுசாகக் கடையச் சொன்னேன். சக்கரத்தின் பாரம் ஸ்டட் மேல் மட்டும் நிற்காமல் ஹப்பின் நடு வளையத்திலும் உட்கார வேண்டும் என்று மஸ்தான் பாய் சொன்னதால் நடுத்துளை கனகச்சிதமாக இருக்க வேண்டும். லேத்துக்காரர் சலித்துக்கொண்டார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியாகச் சக்கரத்தை மாட்டி நட்டைக் கையாலேயே சுற்றினேன். சுற்று சுற்றாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. முறுக்கி முடித்த பிறகும் நட்டுக்கு வெளியே ஸ்டட் நுனி நீட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்லிவிடுகிறேன். மஸ்தான் பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெறும் வண்டியைப் பாகாலா வரைக்கும் ஓட்டிக்கொண்டுபோய் வந்து, எல்லா நட்டையும் மறுபடி இறுக்கினோம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு சவாரிக்கு முன்னாலும் குனிந்து பார்ப்பேன். இன்றைக்கும் பார்க்கிறேன்.

வண்டி சரியாகிவிட்டது, ஏறத்தான் ஆள் இல்லை. சக்கரம் கழன்ற வண்டி என்று பேர் வந்துவிட்டது. தினமும் ஸ்டாண்டுக்குப் போவேன், கதவைத் துடைப்பேன், சும்மா திரும்புவேன். வரிசையில் என் முறை வந்தால் நாகராஜண்ணா அடுத்த வண்டியைக் காட்டி அனுப்புவார். நானும் விடாமல் போய்க்கொண்டிருந்தேன். அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் குடிபாலா பஸ்ஸிலிருந்து சரோஜா இறங்கி வந்தாள். இடுப்பில் அந்தக் குழந்தை. நெற்றியில் தழும்பு சிவப்பாகத் தெரிந்தது. சண்டை போட வருகிறாள் என்று நினைத்தேன். ஸ்டாண்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள், வேடிக்கை பார்க்கத் திரும்பிவிட்டார்கள்.

"முடி எடுக்காமயே கீது, பாரு. அந்த வேண்டுதல் அப்படியே நிக்குது. போலாம் வா" என்றாள்.

"என் வண்டியிலயா?"

"உன் வண்டியிலதான். கழண்டது உன் புருஷன் ஓட்டறப்போதானே? நீ ஓட்டறப்போ கழண்டுச்சா? ஆனா சக்கரத்த கழட்டி எனக்குக் காட்டு. கண்ணால பாத்துட்டுதான் ஏறுவேன்."

ஜாக்கி போட்டேன். ஸ்டாண்டு நடுவில், எல்லார் கண் முன்னாலும் சக்கரத்தைக் கழற்றினேன். முறிந்த பழைய ஸ்டட் ஒன்று டிக்கியில் கிடந்தது, அதை எடுத்துப் புதுசுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, விரலால் மரையைத் தடவிப் பார்த்தாள். "இது எம்மாம் நீட்டு! இதையே அப்போ போட்றதுக்கு இன்னா?" என்றாள். நாகராஜண்ணா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். சக்கரத்தை மாட்டி முறுக்கினேன். சரோஜா பின்சீட்டில் உட்காரவில்லை, எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திருச்சானூரில் மொட்டை அடித்தோம், காது குத்தினோம். திரும்பலாம் என்று பார்த்தால், வந்ததே வந்தோம் மலைக்கும் போய்விடலாம் என்றாள். ஏறினோம். சாமி பார்த்துவிட்டு இறங்கும்போது என் காலும் காதும் பிரேக்கிலேயே இருந்தது. வளைவு வளைவாக மிதித்தேன். ஒவ்வொரு முறையும் பெடல் கெட்டியாக நின்றது, வண்டி சொன்ன இடத்தில் அடங்கியது. கருகல் வாசனை இல்லை. அடிவாரம் வந்து பார்த்தால் அவளும் குழந்தையும் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அப்படித் தூங்கியதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. மறுவாரம் குடிபாலாவிலிருந்து இன்னொரு குடும்பம் வந்தது. அதற்கப்புறம் நான் ஓட்டிய ஓட்டத்தில்தான் நீ படித்தாய், அது உனக்கே தெரியும்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ வேறு தேசத்துக்குப் போகிறாய். அங்கே உன்னைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். நீ எங்கிருந்து வந்தாய், உன்னால் என்ன முடியும், என்ன முடியாது என்று உனக்கு முன்னாலேயே முடிவு செய்து வைத்திருப்பார்கள். சும்மா தலையைக் குனிந்துகொண்டு போகாதே. உன் பேரில் பொய் எழுதினால் அந்த இடத்திலேயே, அந்த ஆட்கள் முன்னாலேயே மறுத்துப் பேசு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது உன் சொந்தப் பிள்ளை வாய்க்கு வந்து சேரும், எனக்கு வந்த மாதிரி. இன்னொன்று. அங்கே போய் கார் ஓட்டப் பழகப்போகிறேன் என்று திவ்யா சொன்னபோது நீ சிரித்தாய், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாகராஜண்ணா சிரிப்புக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் ஓட்டட்டும். பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார். நீ ஓட்டும்போது அவள் நிறுத்து என்றால் நிறுத்து, சத்தம் வருகிறது என்றால் இறங்கிப் பார்.

உன் நைனா மேல் எனக்குப் பகை இல்லை. மூட்டு வலியோடு குவைத்திலிருந்து அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது, சென்னை ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிவந்தது நான்தான், அதே வண்டியில்தான். நாங்கள் சேர்ந்து சாப்பிடுகிறோம், சேர்ந்து டி.வி. பார்க்கிறோம், சண்டையும் போடுகிறோம். ஆனால் அந்த விபத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி மகனுக்கு எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இதுவரைக்கும் எழுதியதை அவர் கையில் கொடுத்து, "படிச்சிப் பாரு. பொய் இருந்தா சொல்லு, அடிச்சிடறேன்" என்றேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தி ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு மறுபடியும் படித்தார். முடித்ததும், "ஒன்னு வுட்டுட்டியே" என்றார்.

"இன்னா?"

"அன்னிக்குக் காலையில நான் வண்டிய எடுக்கறப்போ நீ முன்னால வந்து நின்னுக்கினு, பானட்டு மேல ரெண்டு கையும் வச்சிக்கினு, எடுக்காதன்னு சொன்ன. நான் ஹார்ன் அடிச்சேன். நீ நவுரல. அப்புறம் நான் ரிவர்ஸ் எடுத்து, உன்ன சுத்திக்கினு போனேன். அத எழுதல நீ."

நான் மறந்து விட்டதில்லை கண்ணு. பெற்ற அப்பனைப் பற்றிப் பிள்ளைக்கு அவ்வளவு தெரிய வேண்டாம் என்றுதான் விட்டேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"தெரியட்டும். எழுது" என்று பேனாவை எடுத்து என் கையில் வைத்தார்.

எழுதிவிட்டேன்.

உன் அம்மா